அறக்கொடையும் ஆயுதமும்: நிதிக் கண்காணிப்பின் சமூக அடிப்படை பற்றிய சில சிந்தனைகள்

1

அறத்தின் பெயரால் திரட்டப்படும் பணம் ஆயுதத்துக்குச் சென்றுவிடாமல் தடுப்பது எவ்வாறு என்னும் வினா, இன்று பெரும்பாலும் வங்கியாளர்க்கும் சட்டத்துறையினர்க்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் உரியதொன்றாகவே கருதப்படுகின்றது. ஆயின் அடிப்படையில் இது ஒரு சமூகவியல் வினாவாகும். கொடுப்பவர் யார், பெறுபவர் யார், இவ்விருவருக்குமிடையில் நிற்பவர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பனவே அதன் உள்ளடக்கம். ஈழத்துத் தமிழரைப் பொறுத்தவரையில் இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. இடம்பெயர்ந்தோரின் பசிக்கென்று கொடுத்த பணம் எங்கே சென்றது என்று கேட்க முடியாதிருந்த நிலையையும், அப்பசியைத் தீர்க்கச் சென்ற பணமே குற்றமாகக் கருதப்பட்ட நிலையையும் ஒருங்கே அனுபவித்த சமூகம் எமது சமூகம்.

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. அறநிதி துஷ்பிரயோகஞ் செய்யப்படுவதைத் தடுக்கும் ஆற்றல் முதற்கண் கொடுப்போரிடமும் பெறுவோரிடமுமே உள்ளது. கணக்குக் கேட்கும் உரிமை அவர்களிடமிருந்து பறிக்கப்படும்பொழுதே துஷ்பிரயோகத்துக்கு வழி திறக்கின்றது. அவ்வுரிமையை ஆயுதந் தாங்கிய அமைப்பும் பறிக்கலாம், அரசும் பறிக்கலாம். எமது வரலாற்றில் இரண்டும் நிகழ்ந்துள்ளன.

2

தமிழிலக்கிய மரபிற் கொடை பற்றிய சிந்தனை ஒருபடித்தானதன்று. சங்கப் பாடல்களிற் கொடை என்பது வேந்தரதும் குறுநில மன்னரதும் புகழோடு இணைந்தது. அங்கே பெறுபவன் திருப்பிக் கொடுக்கக்கூடியது புகழுரை ஒன்றே. திருக்குறளோ ஈகை அதிகாரத்துக்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைக்கின்றது. ஈகை மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வது. ஒப்புரவு ஊரின் பொதுமையை முன்னிறுத்துவது. ஊருக்கு உரியது ஊருக்குப் பயன்படல் வேண்டும் என்ற கருத்து அதனுள் உறைந்துள்ளது. பிற்காலத்தில் வணிகர் தமது சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட மகமையும், கோயில்களையும் மடங்களையும் தாபரித்த தரும சாதனங்களும் இவ்விரு போக்குகளும் கலந்தனவாகவே அமைந்தன.

இவற்றை இலட்சியமயப்படுத்துவது வரலாற்றுணர்வாகாது. யாழ்ப்பாணத்திற் கோயிற் கணக்குத் தொடர்பான வழக்குகள் நெடுங்காலம் நடைபெற்று வந்துள்ளன. ஆயின் அவ்வழக்குகளைத் தொடுத்தவர்கள் யார் என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். 1968இல் மாவிட்டபுரத்திலே கோயிலுள் நுழையும் உரிமைக்காகவே போராட வேண்டியிருந்த மக்களுக்கு, அக்கோயிலின் கணக்கைக் கேட்கும் உரிமை இருந்திருக்க முடியாது. பொதுப்பணத்தின்மீது கேள்வி எழுப்பும் உரிமை, சாதி வர்க்க உறவுகளால் வரையறுக்கப்பட்டே வந்துள்ளது. உடையவன் கொடுப்பதும் இல்லாதவன் வாய்மூடிப் பெறுவதுமாகிய இப்பழைய உறவு, பின்னர் புதிய வடிவங்களிலே தொடர்ந்தமைக்கு இதுவே சமூக அடித்தளமாயிற்று எனலாம்.

3

அறப்பணியை அரசு எவ்வாறு நோக்கியது என்பதற்குக் காந்தியம் அமைப்பின் வரலாறு சான்றாகும். 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை வவுனியா முதலிய பகுதிகளிற் குடியமர்த்துவதில் இவ்வமைப்பு முன்னின்றது. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் அதன் முதல்வர்கள். 1983 ஏப்ரலில் இருவரும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த இரண்டாவது படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

இயக்கங்களோடு தொடர்புடைய இளைஞர் சிலர் காந்தியத்தினுள்ளும் இயங்கினர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நிலமற்ற தொழிலாளருக்குக் குடிலும் கிணறும் அமைத்துக் கொடுத்த வேலை முழுவதும், அச்சிலரைக் காரணங்காட்டிச் சிதைக்கப்பட்டது. குற்றஞ்செய்தவரையும் தொண்டுசெய்தவரையும் பிரித்தறியும் பொறுப்பை அரசு ஏற்கவில்லை. சுயாதீனமான அறப்பணிக்கு இடமில்லை என்ற செய்தியையே அது மக்களுக்குக் கொடுத்தது. அச்செய்தியின் பயன் யாதெனில், அடுத்த காலப்பகுதியில் ஆயுதந் தாங்கியோரின் நிழலில் மாத்திரமே பெருமளவான நிவாரணப்பணி நடைபெறக்கூடிய சூழல் உருவாயிற்று என்பதாம்.

4

தமிழர் புனர்வாழ்வுக் கழகம் 1985இல் தமிழகத்திலே தஞ்சம் புகுந்த ஈழத்து அகதிகளின் தேவைகளை முன்னிட்டுத் தோற்றம் பெற்றது. பின்னர் வன்னிப் பகுதியில் அகதி முகாம்கள், சிறுவர் இல்லங்கள், வீடமைப்பு எனப் பல துறைகளில் அது பணியாற்றியது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கியபொழுது, அதன் தொண்டர்கள் களத்தில் விரைந்து செயற்பட்டமையைப் பலரும் கண்டனர். அப்பணியைப் பொய்யென்று கூறுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். ஆயின், அப்பணி மெய்யானது என்பதனால் அதன் கணக்கு வினாவுக்கு அப்பாற்பட்டது என்று கூறுவதும் அவ்வாறே அநீதியாகும்.

பிரித்தானியாவில் அறநிறுவனங்களை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழு, அங்கே பதிவுபெற்றிருந்த இதே பெயருடைய நிறுவனத்தின்மீது 2000ஆம் ஆண்டில் விசாரணையை ஆரம்பித்தது. அனுப்பப்பட்ட பணம் இலங்கையில் எவ்வாறு செலவாயிற்று என்பதன்மீது அறங்காவலர்க்குப் போதிய கட்டுப்பாடு இருக்கவில்லை என்பதும், பணம் எங்கே செலவிடப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அங்குள்ள பிரதிநிதிகள் விடுதலைப் புலிகளோடு கலந்து செயற்பட்டனர் என்பதும் அவ்விசாரணையில் வெளிப்பட்டன. 2005இல் அந்நிறுவனம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2006இல் இலங்கை மத்திய வங்கி இங்குள்ள கழகத்தின் கணக்குகளை முடக்கிற்று. 2007 நவெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் திறைசேரி, கழகம் விடுதலைப் புலிகளின் முன்னணி அமைப்பாக இயங்குகின்றது எனக் கூறி அதன் சொத்துக்களை முடக்கியது; அதே மாதத்தில் இலங்கை அரசும் அதனைத் தடைசெய்தது. கழகம் இக்குற்றச்சாட்டுக்களை மறுத்தே வந்தது.

புலம்பெயர் நாடுகளில் நடைபெற்ற நிதிசேகரிப்பு இதனிலும் வேறான ஒரு பரிமாணத்தைக் காட்டுகின்றது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, இறுதிப் போருக்கென விடுதலைப் புலிகளின் சார்பிற் கனடாவிலும் பிரித்தானியாவிலும் நடத்தப்பட்ட சேகரிப்பை விரிவாக ஆராய்ந்தது. கனடாவிற் குடும்பமொன்றிடம் பொதுவாக 2,500 முதல் 5,000 கனேடிய டொலர் வரையும், சில வர்த்தகரிடம் 100,000 டொலர் வரையும் கேட்கப்பட்டதாக அது பதிவுசெய்தது. கொடாதோர் வற்புறுத்தப்பட்டனர், ஊரிலுள்ள உறவினரை நினைவூட்டும் மறைமுக அச்சுறுத்தல்களும் இருந்தன. மனமுவந்து கொடுத்தவர் பலர். அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1983இன் எரியும் வீடுகளை நினைவிற் சுமந்து சென்றவர்க்குக் கொடுப்பதற்கான நியாயம் இருந்தது. ஆயின் மனமுவந்து கொடுத்தவரும் அஞ்சிக் கொடுத்தவரும் ஒரே இடத்தில் ஒன்றுபட்டனர். இருவருமே கணக்குக் கேட்கவில்லை. கேட்டிருப்பின் துரோகி எனப் பெயர்பெற்றிருப்பர்.

இதன் வர்க்க உள்ளடக்கம் மனங்கொள்ளத்தக்கது. உணவகங்களிற் பாத்திரங் கழுவியும் தொழிற்சாலைகளில் இரவுவேலை செய்தும் ஈட்டிய கூலியின் ஒரு பகுதியே இந்நிதியின் பெரும்பரப்பு. பெறுவோராகக் காட்டப்பட்டவரோ வன்னியின் நிலமற்ற விவசாயிகள், மீனவர், மலையகத்திலிருந்து வந்து குடியேறியோர். உழைத்துக் கொடுத்தவனுக்கும் உழைக்க நிலமின்றிப் பெற்றவனுக்குமிடையில் ஓர் அதிகாரக் கட்டமைப்பு எழுந்து நின்றது. கொடுத்தவனுக்குப் பற்றுச்சீட்டு, பெற்றவனுக்கு நிவாரணப் பொதி. இரண்டுக்குமிடையில் நடந்தது அக்கட்டமைப்புக்கு மாத்திரமே தெரியும். அறநிதி ஆயுதநிதியாக மாறும் இடம் இவ்விருளே.

அறநிதி அத்துமீறிப் பயன்படுத்தப்படும் வழிகளை, நிதியியல் நடவடிக்கைச் செயலணி 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று ஐந்தாக வகுத்துக் காட்டியது. சேர்த்த பணத்தைத் திசைதிருப்புதல், நிறுவனமே ஆயுத அமைப்போடு இணைப்புக் கொள்ளுதல், நிவாரணத் திட்டங்களை விநியோக நிலையில் அவ்வமைப்பின் தேவைக்குப் பயன்படுத்துதல், ஆட்சேர்ப்புக்குத் துணைபோதல், இல்லாத அறநிறுவனத்தின் பெயராற் பணந்திரட்டல் என்பன அவை. இவற்றுள் இறுதியானது வெறும் மோசடி; அதனைக் கண்டறிதல் ஒப்பீட்டளவில் எளிது. ஆனால் மெய்யான பசிக்கு மெய்யான சோறு வழங்கும் நிறுவனமே ஆயுத அதிகாரத்தின் ஓர் அங்கமாகிவிடும் நிலை மிகச் சிக்கலானது. எமது அனுபவம் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தது.

5

இச்சிக்கலுக்கு உலக அரசுகள் கண்ட விடை யாது? பயங்கரவாதத்துக்கு நிதியளித்தலை ஒடுக்குவதற்கான ஐக்கிய நாடுகளின் சமவாயம் 1999 டிசெம்பரில் நிறைவேறியது. 2001 செப்டெம்பர்த் தாக்குதல்களின் பின்னர், அதே மாதம் 28ஆந் திகதி பாதுகாப்புச் சபை 1373ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றி, இத்தகைய நிதியைக் குற்றமாக்கவும் முடக்கவும் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தியது. பயங்கரவாதம் என்றால் யாது என்பதை அத்தீர்மானம் வரையறுக்கவில்லை. வரையறை அவ்வவ் அரசின் கையிலேயே விடப்பட்டது. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் 2006ஆம் ஆண்டின் நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டமும் இப்பின்னணியிலேயே வந்தன.

இச்சட்டங்களின் உள்ளே ஒரு பொருளியல் தர்க்கம் உண்டு. பணம் தன் தோற்றுவாயை நினைவில் வைத்திருப்பதில்லை. ஒரு ரூபாவுக்கும் மற்றொரு ரூபாவுக்கும் வேற்றுமையில்லை. ஆகவே மருத்துவமனைக்கென்று கொடுத்தது மருத்துவமனைக்கே சென்றாலும், அதனால் மிச்சமான பணம் துப்பாக்கிக்குச் செல்லும் என்பர். ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் 2010 யூன் 21ஆந் திகதி அளித்த தீர்ப்பொன்றில் இத்தர்க்கத்தை அதன் எல்லைக்கே கொண்டுசென்றது. தடைசெய்யப்பட்ட அமைப்புகளுக்குச் சமாதான வழிகளையும் சர்வதேச சட்டத்தையும் கற்பிப்பதுங்கூடக் குற்றமாகலாம் என நீதிபதிகள் அறுவர் கருதினர், மூவர் மாறுபட்டனர். அவ்வழக்கிற் பேசப்பட்ட அமைப்புகளுள் ஒன்று விடுதலைப் புலிகள் அமைப்பாகும்.

இத்தர்க்கத்தில் உண்மையில்லாமலில்லை. ஆனால் அது அரைகுறை உண்மை. பணம் யாவும் ஒன்றே என்று கொள்ளின், போர்ப் பிரதேசத்தில் உள்ள எந்த மனிதனுக்கும் எந்த உதவியும் செய்தலாகாது என்ற முடிவே எஞ்சும். 2011இற் சோமாலியாவில் நடந்ததை நோக்குவோம். அந்நாட்டின் தென்பகுதி அல்-ஷபாப் அமைப்பின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவ்வமைப்பு பல நிவாரண நிறுவனங்களைத் தானே தடுத்தது. மறுபுறத்தில், உதவியின் ஒரு பகுதி அதன் கைக்குச் சென்றுவிடும், அதனால் வழக்கு வரும் என்ற அச்சத்தினால் அமெரிக்க உதவியும் சுருங்கியது. வறட்சியோடு இவை சேர்ந்தபொழுது, 2010 ஒக்டோபருக்கும் 2012 ஏப்ரலுக்குமிடையில் ஏறத்தாழ 258,000 மக்கள் மாண்டனர் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அவர்களுட் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆயுத அமைப்பும் அரசுகளும் தத்தம் நியாயங்களை எடுத்துரைத்தன. அந்நியாயங்களைக் கேட்கும் நிலையில் அக்குழந்தைகள் இருக்கவில்லை.

பட்டியலிடும் அதிகாரம் அரசியலிலிருந்து பிரிக்கத்தக்கதன்று என்பதற்கு எமது நாட்டு வர்த்தமானிகளே சான்று. 2014இல் விடுதலைப் புலிகள் உட்பட 16 அமைப்புகளும் 424 தனிநபரும் பட்டியலிடப்பட்டனர். ஆட்சி மாறிய பின் 2015இற் புலம்பெயர் அமைப்புகள் சில நீக்கப்பட்டன. மீண்டும் ஆட்சி மாறிய பின் 2021இற் சேர்க்கப்பட்டன. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இற் பல மறுபடியும் நீக்கப்பட்டன. இவ்வாண்டுகளில் அவ்வமைப்புகளின் கணக்கேடுகள் மாறின என்பதற்கில்லை; கொழும்பின் தேவைகளே மாறின.

2019 ஏப்ரல் 21ஆந் திகதித் தாக்குதல்களின் பின்னர் இதே சந்தேகம் முஸ்லிம் மக்களின் அறப்பணிகள்மீது திரும்பியது. வறிய முஸ்லிம் சிறுவரின் கல்விக்கு உதவிய அறநிறுவனமொன்றோடு தொடர்புடைய சட்டத்தரணி ஒருவர் 2020 ஏப்ரலிற் கைதாகி, 2022 பெப்ரவரியிலேயே பிணையில் வெளிவந்தார். காந்தியத்தின் கதையை நினைவிற்கொண்டோர்க்கு இது புதியதாகத் தோன்றியிராது. அன்று எமக்கு நிகழ்ந்ததை அறிந்த நாம், இன்று அவர்களுக்கு நிகழ்வதை வேறொரு சமூகத்தின் விடயமாகப் பார்த்திருத்தல் தகாது.

6

அப்படியாயின் கண்காணிப்பே வேண்டாமா? அவ்வாறு கூறுவது, கணக்கற்ற அதிகாரத்துக்கே மீண்டும் இடங்கொடுப்பதாகும். எத்தகைய கண்காணிப்பு, யாருடைய கண்காணிப்பு என்பதே வினா. இங்கே இரு வழிமுறைகளை ஒப்பிடலாம்.

பிரித்தானிய ஆணைக்குழு 2005இல் நிறுவனத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கியபொழுது, எஞ்சிய நிதி புதிதாக அமைந்த மற்றோர் அறநிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. தவறு நிர்வாகத்தினுடையது, நோக்கமும் பணமும் பாதிக்கப்பட்ட மக்களுடையன என்ற வேறுபாடு அங்கே பேணப்பட்டது. அமெரிக்க வழிமுறை வேறானது. ஒகாயோ மாநிலத்திலிருந்த கைன்ட்ஹார்ட்ஸ் என்னும் முஸ்லிம் அறநிறுவனத்தின் சொத்துக்கள், பட்டியலிடப்படாமலே, விசாரணை நடைபெறுகின்றது என்ற காரணத்தினால் 2006இல் முடக்கப்பட்டன. போதிய காரணமும் அறிவித்தலுமின்றி அவ்வாறு முடக்கியமை அரசியலமைப்புக்கு முரணானது என 2009இற் கூட்டாட்சி நீதிமன்றமொன்று தீர்த்தது. ஆயினும் அதற்குள் அந்நிறுவனம் செயலிழந்துவிட்டது. முடக்கப்பட்ட பணம் பயங்கரவாதிக்கும் செல்லாது, பசித்தவனுக்கும் செல்லாது, வங்கியில் உறங்கும்.

எமது நாட்டிலும் ஒரு மாற்றுவழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2005 யூன் 24ஆந் திகதி அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட ஆழிப்பேரலை நிவாரணப் பொதுக்கட்டமைப்பு, தமிழர் முஸ்லிம் சிங்களர் ஆகிய மூவினத்தாரின் பிரதிநிதிகளும் அமர்ந்து நிதியைத் தீர்மானிக்கும் குழுக்களை முன்வைத்தது. அதிற் குறைகள் இருந்தன. முஸ்லிம் மக்கள் கைச்சாத்திடும் தரப்பாகக் கொள்ளப்படாமை அவற்றுட் பெரியது. இருப்பினும் உதவிப்பணம் பலரறிய ஒரு மேசையில் வைக்கப்படுவதற்கான ஏற்பாடு அதுவாயிருந்தது. அதனை எதிர்த்து மக்கள் விடுதலை முன்னணி அரசிலிருந்து விலகியது. யூலையில் உயர் நீதிமன்றம் பிராந்திய நிதியம் உள்ளிட்ட முக்கிய ஏற்பாடுகளை இடைநிறுத்தியது. பொதுமேசை அகன்றது, பழைய இருட்டு நிலைத்தது. அடுத்த ஆண்டிலேயே அறப்பணியாளர் அவ்விருட்டின் விலையைச் செலுத்தினர். 2006 சனவரியில் வெலிக்கந்தைப் பகுதியிற் கடத்தப்பட்ட புனர்வாழ்வுக் கழகப் பணியாளர் எழுவர் மீளவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் மூதூரிற் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர்.

வாயில்களை அடைத்தலால் மட்டும் பணம் நின்றுவிடுவதில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். உண்டியல் என்னும் சொல் கோயில் வாசலிற் காணிக்கையிடும் பெட்டியையும் குறிக்கும். வங்கிக்கு வெளியே கைமாற்றாகப் பணம் அனுப்பும் முறையையும் குறிக்கும். வங்கிகள் அச்சத்தினால் ஊர்ச் சங்கங்களின் கணக்குகளை மூடும்பொழுது, முன்னைய உண்டியலில் விழ வேண்டியது பின்னைய உண்டியலுக்குச் செல்லும். அங்கே பற்றுச்சீட்டுமில்லை, கணக்காய்வுமில்லை. எனவே மிகையான தடை தான் தடுக்க விரும்பியதையே வளர்க்கின்றது. உலக நிறுவனங்களும் இதனை உணரத் தலைப்பட்டுள்ளன. அறநிறுவனங்கள் யாவும் இயல்பிலேயே ஆபத்துக்குட்பட்டவை என்ற பொருள்பட முன்னர் விதித்த செயலணி, 2016இல் அக்கூற்றை நீக்கியது. ஆபத்தின் அளவுக்கேற்பவே கட்டுப்பாடு அமைதல் வேண்டும் என்பதை 2023இல் மேலும் தெளிவாக்கியது. பாதுகாப்புச் சபையும் 2022 டிசெம்பரில் நிறைவேற்றிய 2664ஆம் இலக்கத் தீர்மானத்தால், தனது சொத்து முடக்கத் தடைகளிலிருந்து மனிதாபிமான உதவிக்கு விலக்களித்தது. 258,000 பேரின் மரணத்துக்குப் பின்னர் வந்த ஞானம் இது.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை நாம் முன்வைக்கலாம்.

பணஞ் சேர்ப்பவரும் அதனைச் செலவிடத் தீர்மானிப்பவரும் செலவைச் சரிபார்ப்பவரும் ஒருவராயிருத்தலாகாது. சங்கத்தின் யாப்பில் இது எழுதப்படுவதோடு, காசோலையில் இருவரேனும் ஒப்பமிடல் வேண்டும். அரசியல் அமைப்பிற் பதவி வகிப்பவர் அறநிதியின் காவலராதல் தகாது. அவர் எவ்வளவு தியாகியாயினும் இது பொருந்தும்.

கணக்கு இரண்டு இடங்களில் வாசிக்கப்படல் வேண்டும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ கூடும் ஊர்ச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசித்தல் போதாது. கிணறு வெட்டப்பட்ட கிராமத்தில், அக்கிணற்றில் நீரள்ளும் பெண்கள் முன்னிலையில் அதே கணக்கு வாசிக்கப்படல் வேண்டும். வெளிநாட்டுக் கணக்காய்வாளருக்குத் தெரியாத பொய் அப்பெண்களுக்குத் தெரியும். பெறுவோரைக் கையேந்துவோராகவன்றிக் கணக்குக் கேட்கும் உரிமையுடையோராகக் கொள்ளும் இம்மாற்றமே ஈகையிலிருந்து ஒப்புரவுக்குச் செல்லும் வழியாகும்.

அரசின் சட்டம் குற்றவியல் ஆதாரத்தின்மீதும் நீதிமன்ற மேன்முறையீட்டின்மீதும் நிற்றல் வேண்டும், வர்த்தமானிப் பட்டியலின்மீதன்று. தொண்டு நிறுவனங்களின் மேற்பார்வை, கடந்த காலத்தில் நிகழ்ந்தவாறு பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருமாயின், கணக்காய்வு உளவறிதலாக மாறிவிடும். நேர்மையான தொண்டர் விலகுவர், மறைவாகச் செயற்படுவோரே எஞ்சுவர். நிதி முடக்கப்படும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், அது யாருக்கென்று கொடுக்கப்பட்டதோ அவர்களைச் சென்றடைவதற்கான வழி சட்டத்திலேயே இருத்தல் வேண்டும்.

இவையனைத்துக்கும் மேலாக ஒன்றுண்டு. வீடிழந்தவனுக்கு வீடும் காணாமலாக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு வாழ்வாதாரமும் அறக்கொடையாக அன்றி உரிமையாகக் கிடைத்தல் வேண்டும். அரசு தன் கடமையைக் கைவிட்ட வெற்றிடத்திலேயே புனர்வாழ்வு என்பது ஆயுதந் தாங்கியோரின் செல்வாக்குக்குரிய கருவியாயிற்று. அவ்வெற்றிடம் இருக்கும்வரை எத்தனை சட்டமியற்றினும் அதனை நிரப்ப எவரேனும் வருவர்.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. அதன் பின்னரும் எமது மக்கள் கொடுப்பதை நிறுத்தவில்லை. பாடசாலைக் கட்டடங்களும் மருத்துவ உதவிகளும் ஊர்ச் சங்கங்களின் பணத்தினால் இன்றும் நடைபெறுகின்றன. ஆனால் முன்னர் கொடுத்த பணத்தின் கணக்கை எவரும் எவருக்கும் இதுவரை வாசித்துக் காட்டவில்லை. அக்கணக்கைக் கோருவது இறந்தோரை இகழ்வதன்று. அவர்களின் பெயராற் சேர்த்ததை அவர்களின் பிள்ளைகளுக்கு உரித்தாக்குவதாகும். வாய்திறந்து கேட்கும் அப்பழக்கம் எமது சங்கங்களில் வேரூன்றுமாயின், அறநிதியை ஆயுதத்திடமிருந்து காப்பதற்கு வெளியார் இயற்றும் சட்டங்களை மட்டும் நாம் நம்பியிருக்க வேண்டியதில்லை.